ஆகஸ்ட் ஆருடம், ஜனவரி நிஜம்

அமெரிக்கக் கால்பந்தில் எந்த அணி தேறும், எது தேறாது என்று சீசனுக்கு முன்பே சொல்வது பெரிய தொழில். 1999-ல் அந்தத் தொழிலின் மானம் கப்பலேறியது. அதற்கு அதிர்ஷ்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

செயின்ட் லூயிஸ் நகரின் கூரை போட்ட அரங்கில் அன்று நடந்தது கணக்கில் சேராத ஆட்டம். தேதி 1999 ஆகஸ்ட் 28. சீசன் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வெற்றியோ தோல்வியோ எந்தப் பட்டியலிலும் ஏறாத பயிற்சி ஆட்டம் அது. ராம்ஸ் அணியின் புதிய குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் பந்தை வீசிய கையோடு, சான் டியகோ சார்ஜர்ஸ் அணியின் ரோட்னி ஹாரிசன் அவருடைய காலில் வந்து மோதினார். இடது முழங்காலின் தசைநார் அறுந்தது. தொடங்காத சீசன் கிரீனுக்கு அங்கேயே முடிந்தது. பிறகு நிருபர்களைச் சந்தித்த பயிற்சியாளர் டிக் வெர்மீல் கண்கலங்கினார்.

கலங்கக் காரணம் இருந்தது. 14 ஆண்டுகள் ஒதுங்கி இருந்துவிட்டு 1997-ல் திரும்பி வந்தவர் அவர். வயது 62. வந்த முதல் ஆண்டு 16 ஆட்டங்களில் 5 வெற்றி, இரண்டாம் ஆண்டு 4. 1989-க்குப் பிறகு ஒரு சீசனில்கூட அந்த அணி பாதிக்கு மேல் ஜெயித்தது கிடையாது. மூன்றாவது ஆண்டாவது கரையேறலாம் என்று நம்பித்தான் கிரீனைக் கொண்டுவந்தார்கள். அவரும் செயின்ட் லூயிஸில் பள்ளிக்கூடம் படித்தவர், ஊர்ப் பையன். இப்போது அவர் இடத்தில் இறங்க வேண்டியவர் கர்ட் வார்னர்.

அந்தப் பெயரைச் சொன்னால் ராம்ஸ் ரசிகர்களிலேயே பாதிப் பேருக்கு விளங்கியிருக்காது. வயது 28. 1994-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணி முகாமோடு திருப்பி அனுப்பிய பிறகு ஐயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் இரவு நேரத்தில் அலமாரிகளில் சரக்கு அடுக்கியவர். மணிக்கு ஐந்தரை டாலர் கூலி. அப்புறம் உள்ளரங்கில் ஆடும் குட்டிக் கால்பந்து, அப்புறம் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன். 1999 தொடக்கத்தில் க்ளீவ்லண்டுக்குப் புதிதாக ஓர் அணி கிடைத்தபோது, மற்ற அணிகள் வேண்டாமென்று விட்டுவைத்த ஆட்டக்காரர்களிலிருந்து ஆள் பொறுக்கிக்கொள்ள அதற்கு அனுமதி தந்தார்கள். அந்த விட்டுவைத்த பட்டியலில் வார்னரின் பெயரும் இருந்தது. க்ளீவ்லண்டும் அவரைத் தொடவில்லை.

சீசன் தொடங்கியது. அக்டோபர் 10 அன்று, 17 முறை தொடர்ந்து தங்களைத் தோற்கடித்திருந்த சான் ஃப்ரான்சிஸ்கோவை ராம்ஸ் 42-20 என்று நொறுக்கியது. வார்னர் மட்டும் 5 டச் டவுன் வீசினார். சீசன் முடிவில் அவர் கணக்கில் 41 டச் டவுன்கள், 4,353 கெஜம், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அணி 13 ஆட்டங்களில் ஜெயித்து மூன்றில் தோற்றது. 2000 ஜனவரி 30 அன்று சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் டென்னஸியை 23-16 என்று வென்றது. கடைசி நொடியில் டென்னஸியின் கெவின் டைசன் கையை நீட்டிய இடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு கெஜம்தான் மிச்சம். ராம்ஸின் மைக் ஜோன்ஸ் அவரைக் கட்டிப்பிடித்துக் கீழே சாய்த்திருந்தார்.

ஆகஸ்டில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கவிழ்ந்த பட்டியல்

அந்த ஆண்டு பொய்த்தது ராம்ஸ் பற்றிய கணிப்பு மட்டும் அல்ல. 1998 சீசனின் கடைசி நான்கு அணிகள் டென்வர், அட்லான்டா, மின்னசோட்டா, நியூயார்க் ஜெட்ஸ். அடுத்த ஆண்டு அவற்றில் மின்னசோட்டா மட்டுமே பிளே ஆஃப் சுற்றுக்குத் தேறியது. சாம்பியன் டென்வர், ஜான் எல்வே ஓய்வு பெற்ற பிறகு, 6 வெற்றியோடு நின்றது. 14 ஆட்டம் ஜெயித்திருந்த அட்லான்டா 5-ல் முடங்கியது. ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டிக்கு முதல் ஆட்டத்திலேயே குதிகால் நரம்பு அறுந்தது. இன்னொரு பக்கம், முந்தைய ஆண்டு 3 ஆட்டம் மட்டுமே ஜெயித்த இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் 13 ஜெயித்தது.

டெட்ராய்ட் லயன்ஸ் கதை இன்னும் விசித்திரம். அந்த அணியின் ஒரே பெருமை பேரி சாண்டர்ஸ். பந்தோடு ஓடுவதில் அவருக்கு இணை அப்போது எவரும் இல்லை. வால்ட்டர் பேட்டனின் வாழ்நாள் சாதனையை எட்ட அவருக்கு 1,457 கெஜம்தான் பாக்கி. ஒரு நல்ல ஆண்டின் வேலை அது. 1999 ஜூலை கடைசியில், பயிற்சி முகாம் தொடங்குகிற நேரத்தில், தன் சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி, ஆட்டத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். 31 வயது. அப்போது அவர் லண்டனுக்குப் போயிருந்தார். டெட்ராய்ட் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். நடந்தது வேறு. சாண்டர்ஸ் இருந்த 1998-ல் 5 வெற்றி பெற்ற அணி, சாண்டர்ஸ் இல்லாத 1999-ல் 8 வெற்றி பெற்று பிளே ஆஃபுக்குப் போனது.

நியூ ஆர்லியன்ஸ் பயிற்சியாளர் மைக் டிட்கா நேர் எதிர். ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஒரு கல்லூரி ஆட்டக்காரருக்காக அந்த ஆண்டு தனக்குக் கிடைத்த தேர்வு வாய்ப்புகள் அத்தனையையும், அடுத்த ஆண்டில் இரண்டையும் தாரை வார்த்தார். வில்லியம்ஸ் மணப்பெண் உடையிலும் டிட்கா மாப்பிள்ளைக் கோட்டிலும் நிற்கும் படம் ஒரு பத்திரிகை அட்டையில் வந்தது. அணி 3 ஆட்டம் ஜெயித்தது. டிட்காவுக்கு வேலை போனது.

சின்ன சீசன், பெரிய சந்தேகம்

அமெரிக்கக் கால்பந்து பெயருக்குத்தான் கால்பந்து. பந்தைக் காலால் தொடுகிறவர்கள் அணிக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சி. எல்லைக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3. பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவர் குவார்ட்டர்பேக். அவர் முழங்காலில்தான் ஓர் ஊரின் எதிர்பார்ப்பு முழுவதும் நிற்கிறது.

கணிப்புகள் தடுமாறுவதற்கு முதல் காரணம் சாதாரணக் கணக்குதான். அமெரிக்க பேஸ்பால் அணி ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அங்கே ஒரு நாள் அதிர்ஷ்டம் மறுவாரம் கரைந்துவிடும். கால்பந்தில் 2020 வரை 16 ஆட்டங்கள், 2021 முதல் 17. ஓர் ஆட்டம் என்பது பேஸ்பாலில் ஒன்பது பத்து ஆட்டங்களுக்குச் சமம். நீள்வட்டப் பந்து தரையில் விழுந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது தவறான பக்கம் இரண்டு முறை எகிறினால் ஒரு பயிற்சியாளரின் குடும்பம் வீடு மாற்ற வேண்டியதுதான்.

இதற்கு மின்னசோட்டா வைக்கிங்ஸின் 2022 சீசனைவிட நல்ல சாட்சி இல்லை. 13 வெற்றி, 4 தோல்வி. பார்த்தால் ராஜநடை. ஆனால் சீசன் முழுக்க அந்த அணி எடுத்த புள்ளிகள் 424, கொடுத்தவை 427. ஒரே வீச்சில் மாறக்கூடிய நெருக்கமான ஆட்டங்கள் 11, பதினொன்றிலும் ஜெயித்தார்கள். அதில் ஒன்று டிசம்பர் 17 அன்று இண்டியானபோலிஸுக்கு எதிரானது. பாதி ஆட்டத்தில் 33-0 என்று பின்தங்கி, 39-36 என்று ஜெயித்தது, இந்த லீக் கண்ட மிகப் பெரிய மீட்சி. இப்படி ஜெயிக்கும் அணி அடுத்த ஆண்டும் இப்படியே ஜெயிக்காது என்று கணக்குப் போடுபவர்கள் எச்சரித்தார்கள். வெற்றி தோல்வியைப் பார்க்காதே, புள்ளி வித்தியாசத்தைப் பார் என்பது பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் காட்டிய வழி. 2023-ல் வைக்கிங்ஸ் 7 ஆட்டம் ஜெயித்தது. குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் நடுவில் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார் என்பதும் உண்மை. எது கணக்கின் வெற்றி, எது காயத்தின் வேலை என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மேடு பள்ளம் இல்லாமல்

இரண்டாவது காரணம் மனிதர்கள் திட்டமிட்டுச் செய்தது. கணிக்க முடியாதபடிதான் இந்த லீக்கையே கட்டியிருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் பெர்ட் பெல். 1930-களில் அவர் வைத்திருந்த பிலடெல்பியா ஈகிள்ஸ் தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல கல்லூரி ஆட்டக்காரர்கள் எல்லோரும் பணக்கார அணிகளுக்கே போனார்கள். ஆண்டுதோறும் கடைசி இடத்தில் நிற்கும் அணிக்கு முதல் தேர்வு கொடுக்கலாம் என்று அவர் 1935-ல் யோசனை சொன்னார். 1936 பிப்ரவரியில் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்வானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அவர் ஒரே ஓர் ஆட்டம்கூட தொழில்முறையில் ஆடவில்லை. சம்பளம் கட்டுப்படியாகாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் தேர்வே பொய்த்துப்போன முறை இன்றுவரை நடக்கிறது.

பெல் பிறகு லீக்கின் தலைவரானார். சொத்தை அணிகளைச் சொத்தை அணிகளோடும், வலுவானவற்றை வலுவானவற்றோடும் சீசன் தொடக்கத்தில் மோதவிடுவார். பாதி சீசன் வரை எல்லோருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டும், அரங்கம் நிறைய வேண்டும் என்பது கணக்கு. அந்தத் தந்திரம் சட்டமாகவே இன்றும் இருக்கிறது. ஒரே பிரிவில் உள்ள அணிகளுக்கு 17-ல் 14 ஆட்டங்கள் பொதுவான எதிரிகளோடு. மீதி மூன்று, முந்தைய ஆண்டு எந்த இடத்தில் முடித்தது என்பதைப் பொறுத்தது. கடைசியில் நின்றவனுக்குக் கடைசியில் நின்றவன் எதிரி. 1999-ல் ராம்ஸுக்கு வாய்த்த அட்டவணையும் கடைசி இடத்தில் நின்ற அணிக்கு உரியதுதான் என்பதைப் பலர் கவனிக்கவில்லை.

பணத்திலும் இதே சமன்பாடு. தலைவர் பீட் ரோசெல் முயற்சியில் 1961-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அதன்படி டெலிவிஷன் உரிமையை லீக் மொத்தமாக விற்று, பணத்தை அணிகளுக்குச் சமமாகப் பங்கு போடலாம். நியூயார்க் அணிக்கு எவ்வளவோ அவ்வளவே கிரீன் பேக்கும். கிரீன் பே என்பது சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். முதலாளி என்று யாரும் இல்லாமல் பொதுமக்களே பங்குதாரர்களாக இருக்கும் அணி அதனுடையது. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சி, மும்பைக்குச் சமமாக நின்று விளையாடுவது போல.

1993-ல் ஆட்டக்காரர்களுக்கு அணி மாறும் சுதந்திரம் வந்தது. 1994-ல் அதற்குக் கடிவாளமாகச் சம்பள உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டு ஓர் அணி மொத்தச் சம்பளமாக 3.46 கோடி டாலர் வரை கொடுக்கலாம் என்றார்கள். 2024-ல் அது 25.54 கோடி டாலர். ஐ.பி.எல். ஏலத்தில் அணிகளின் பையை அளந்து கொடுப்பது போலத்தான். ஜெயிக்கும் அணியின் ஆட்டக்காரர்களுக்கு விலை ஏறும்; எல்லோரையும் வைத்துக்கொள்ள முடியாது; சிலர் வெளியேறுவார்கள். வெற்றிக்கே ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சூழலில், போன ஆண்டு யார் முதலிடம் என்பதை வைத்து இந்த ஆண்டைச் சொல்பவர் பாதி தோற்றுவிட்டார். 1999 ராம்ஸைக் கணித்தவர்களின் தவறும் அதிர்ஷ்டத்தைப் பற்றியது அல்ல. குவார்ட்டர்பேக் போய்விட்டார் என்பதை மட்டும் பார்த்தார்கள். அந்த ஏப்ரலில் இண்டியானபோலிஸிலிருந்து மார்ஷல் ஃபாக் வந்ததையும், டோரி ஹோல்ட் டிராஃப்டில் சேர்ந்ததையும், மைக் மார்ட்ஸ் என்பவர் தாக்குதல் திட்டத்துக்குப் பொறுப்பேற்றதையும் பார்க்கவில்லை. வார்னர் இறங்கியது ஒரு தயாரான வீட்டுக்குள்.

பயிற்சி ஆட்டங்களை வைத்து சொல்லலாமா? 2008-ல் டெட்ராய்ட் நான்கு பயிற்சி ஆட்டங்களிலும் ஜெயித்தது. பிறகு சீசனின் 16 ஆட்டங்களிலும் தோற்றது. 2017-ல் க்ளீவ்லண்ட் அதையே அச்சுப் பிசகாமல் திருப்பிச் செய்தது: பயிற்சியில் 4-0, சீசனில் 0-16.

ஆகஸ்டின் நிஜமான முடிவு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. முகாமுக்கு 90 பேர் வருகிறார்கள். அணியில் இடம் 53. மாதக் கடைசியில் 32 அணிகளிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பையைக் கட்ட வேண்டும். அவர்களைப் பற்றி எந்தச் சிறப்பிதழும் ஆருடம் சொல்வதில்லை. சிலர் பயிற்சிக் குழுவில் ஒட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள், வார்னர் போனது போல, ஊருக்குப் போவார்கள். எல்லோரும் வார்னராகத் திரும்பி வருவதில்லை.

விலை போட்ட நம்பிக்கை

முன்பெல்லாம் கணிப்பு தவறினால் பத்திரிகையாளருக்கு நாலு வசைக் கடிதம் வரும், அவ்வளவுதான். இப்போது பணம் போகிறது. விளையாட்டுப் பந்தயத்தை நெவாடா போன்ற ஒரு சில இடங்களுக்குள் அடக்கிவைத்திருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அதன் பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பந்தயத்துக்குக் கதவைத் திறந்தன. ஓர் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்பதற்கே கோடையில் விலை நிர்ணயம் ஆகிறது. அந்த எண் உண்மையைச் சொல்வதற்காகப் போட்டது அல்ல, இரண்டு பக்கமும் பணம் விழுவதற்காகப் போட்டது. இந்த வித்தியாசம் வாசகருக்கு எப்போதும் புரிவதில்லை. பந்தயம் கட்டிய குற்றத்துக்காக அட்லான்டாவின் கால்வின் ரிட்லியை 2022-ல் லீக் ஓராண்டு தடை செய்தது. அதே லீக் பந்தய நிறுவனங்களோடு கூட்டு வைத்திருப்பது தனிக் கதை.

பணம் போடாதவர்களும் தோற்கிறார்கள். 2023-ல் நியூயார்க் ஜெட்ஸ் ரசிகர்கள் கோடை முழுவதும் கனவு கண்டார்கள். ஏரன் ரோட்ஜர்ஸ் வந்துவிட்டார். செப்டம்பர் 11 அன்று முதல் ஆட்டம். ரோட்ஜர்ஸ் களத்தில் இருந்தது நான்கு முயற்சிகள். குதிகால் நரம்பு. அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் ஜெயித்தது என்பது இன்னும் கொடுமை. சீசன் 7 வெற்றி, 10 தோல்வி.

டெட்ராய்டுக்கு மீண்டும் வரவேண்டும். 1957-ல் சாம்பியன் ஆன பிறகு அந்த ஊர் அணி ஜெயித்த பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று, 1992 ஜனவரியில். அடுத்ததற்கு 32 ஆண்டுகள் ஆயின. 2024 ஜனவரி 14 அன்று 24-23 என்று ஜெயித்தது, அதுவும் தங்கள் பழைய குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டு ஆடிய ராம்ஸை. இரண்டு வாரம் கழித்து சான் ஃப்ரான்சிஸ்கோவிடம் பாதி ஆட்டத்தில் 24-7 என்று முன்னால் இருந்து, 34-31 என்று தோற்றது. ஆகவே 2024 ஆகஸ்டில் பல கணிப்புகளில் டெட்ராய்ட் முன்வரிசையில் இருந்தது. இந்த முறை ஆருடம் பலித்தது, கிட்டத்தட்ட. அக்டோபரில் தற்காப்பின் தூண் எய்டன் ஹட்சின்சன் கால் முறிந்து போனார். அப்படியும் அணி 15 ஆட்டம் ஜெயித்தது.

2025 ஜனவரி 18 அன்று அந்த ஊருக்கு வந்த விருந்தாளி வாஷிங்டன். முந்தைய சீசனில் 4 ஆட்டம் மட்டும் ஜெயித்த அணி. புதிய பயிற்சியாளர், கல்லூரியிலிருந்து நேராக வந்த குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். அக்டோபரில் சிகாகோவுக்கு எதிராகக் கடைசி நொடியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போன்ற பந்து, எதிரிகளின் கைகளில் பட்டுத் தெறித்து, பின்னால் தனியாக நின்ற நோவா பிரௌன் கையில் போய் விழுந்தது. அந்த அணியின் ராசி அப்படி. டெட்ராய்ட் ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. 45-31. அடுத்த வாரம் வாஷிங்டனை பிலடெல்பியா 55-23 என்று துவைத்தது.

செயின்ட் லூயிஸில் இப்போது ஆகஸ்ட் மாதம் சத்தமில்லாமல் போகிறது. 2016 ஜனவரியில் மற்ற அணி முதலாளிகள் 30-க்கு 2 என்று வாக்களித்து, ராம்ஸை லாஸ் ஏஞ்சலீஸுக்கு மாற்ற அனுமதித்தார்கள். நகரம் வழக்குப் போட்டது. 2021 நவம்பரில் 79 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் ஆனது. தோற்கும் அணியாவது இருந்தால், இந்த ஆண்டு தேறுமா என்று டீக்கடையில்லாத அந்த ஊரின் மதுக்கடைகளில் சண்டை போடலாம். அதற்கும் வழி இல்லை. 2022 பிப்ரவரியில் ராம்ஸ் மறுபடியும் சூப்பர் பௌல் வென்றது. சின்சினாட்டியை 23-20 என்று. வெற்றி ஊர்வலம் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்தது.